பாப்பா, 10 இஞ்ச்

ஜவ்வரிசி மூட்டை ஒன்று 90 கிலோ. சேலத்துக்காரர்களுக்கு, அதிலும் சேகோ பேக்டரிப் பக்கம் ஒதுங்கியவர்களுக்கு, இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. என் தாய்மாமா ஆத்தூர் பக்கம் ஒரு பேக்டரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் வைத்த பெயர் 'தொண்ணூறு'. வெறும் 'மூட்டை' என்று ஊரில் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், இது அவருடைய தொழில் சுத்தம். சனிக்கிழமை சாயங்காலம் சேலம் குகைப் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எங்க என் தொண்ணூறு?" என்று குரல் வரும். கையில் தட்டுவடை செட் பொட்டலம் இருக்கும். அதைப் பிரித்து எனக்குத்தான் முதலில் கொடுப்பார்.

எனக்குச் சிக்கலே இங்கேதான். பள்ளிக்கூடத்தில் 'பூசணி' என்று கத்திய பையன்களின் முகம் இப்போது யோசித்தாலும் சரியாக வரவில்லை. அவர்களைத் திருப்பித் திட்டியிருக்கிறேன், ஒருத்தன் வெள்ளைச் சட்டையில் இங்க்கை உதறியிருக்கிறேன். கணக்கு அன்றைக்கே தீர்ந்தது. மாமாவை என்ன செய்வது? எனக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி கடைசி பஸ் பிடித்து வருகிற மனிதர். தீபாவளிக்கு முதல் பட்டாசுப் பெட்டி எனக்குத்தான். அப்படிப்பட்டவர் சொன்னபோது அது கேலியாகவே காதில் விழவில்லை. தகவலாக விழுந்தது. மேட்டூரில் அணை இருக்கிறது, ஏற்காட்டு மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவு, நான் தொண்ணூறு. என் உண்மையான எடை அப்போது அதில் பாதிகூட இருந்திருக்காது.

ஆனால் ஆரம்பத்தில் இந்த உடம்பு வீட்டுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பாயி ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, கல்லுப்பு, வரமிளகாய், தெருமண் எல்லாம் கையில் மூடிக்கொண்டு சுற்றி அடுப்பில் போடுவார். மிளகாய் நெடி கிளம்பாது. "பாரு, எத்தன கண்ணு பட்டிருக்கு எம் புள்ள மேல" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். கொழுகொழுவென்று ஒரு பேத்தியை வைத்திருப்பது அவருடைய சமையலுக்கான சான்றிதழ். தட்டில் சோறு மீந்தால் அவருக்குக் கோபம் வரும், அழுகைகூட வரும். சாப்பிட்டால்தான் அன்பு என்று இருந்த வீட்டில் நான் அன்பாகவே இருந்தேன்.

நாலாம் வகுப்பு படிக்கும்போது வண்டி வேடிக்கை. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: ஆடி மாதம் குகை மாரியம்மன் காளியம்மன் கோயில் திருவிழாவில், சோடித்த வண்டிகளில் மனிதர்கள் சாமி வேடம் போட்டு ஊர்வலமாக வருவார்கள், பார்க்க சேலமே திரளும். அந்த வருஷம் எங்கள் தெருவிலிருந்து ஒரு வண்டி. சிவன், பார்வதி, முருகன் எல்லாம் முடிவாகிவிட்டது. பிள்ளையார் யார் என்ற கேள்வி வந்ததும் திண்ணையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "தொப்பைச் செலவு மிச்சம்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்போது அப்படித்தான் வரும்.

ரோஸ் நிற பனியன் போட்டு, முகத்தில் சாயம் அடித்து, துணிக்குள் பஞ்சு அடைத்த தும்பிக்கையை நாடாவால் காதுக்குப் பின்னால் கட்டினார்கள். மூக்கு அரித்தது, சொறிய முடியவில்லை. ஆனால் வண்டி கூட்டத்துக்குள் நுழைந்ததும் வேறு ஒன்று நடந்தது. திண்ணையில் சிரித்த அதே மாதிரி ஆட்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, இடுப்பில் இருந்த பேரனின் கையைப் பிடித்து எனக்குக் கும்பிடு போடவைத்தார். என் வயிற்றின் மேல் சந்தனம், அதன் மேல் காகித நாகம், அதற்கு மேல் யாரோ வீசிய சாமந்தி. வயிற்றை உள்ளே இழுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் காலை குழாயடியில் சாயத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, "புள்ளையாரு குளிச்சா தண்ணி பத்தாதே" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். சாமி உடம்பாக இருந்தது ஒரு ராத்திரிதான்.

பன்னிரண்டு வயதில் பெரியவளானேன். உளுந்தங்களி, அதன் நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய், பச்சை முட்டை, கருப்பட்டி. இடுப்பு எலும்பு பலப்பட வேண்டுமாம். வாயில் ஊட்டினார்கள், மூக்கைப் பிடித்துக்கூட ஊட்டினார்கள். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் வந்தது. மாமா மாலை போட வந்தவர், மாலையைத் தூக்கிப் பிடித்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னொரு மாலைய சேத்துக் கட்டுங்கப்பா, இது பத்தாது" என்றார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. வீடியோகாரர் அதை மறுபடி சொல்லச் சொன்னார், மாமா மறுபடி சொன்னார். அந்தக் கேசட் இன்னும் வீட்டில் இருக்கிறது, ஓட்டத்தான் மிஷின் இல்லை, நல்லவேளை.

அதற்கப்புறம் காட்சி அப்படியே மாறிவிட்டது. களி ஊட்டிய அதே அப்பாயி, "ரெண்டு இட்லியோட எந்திரி, பொம்பளப் புள்ள" என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த வயதில் பெண் பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்வதற்கு அடையாளம். டாக்டர் யாரைக் கேட்டாலும் சொல்வார். எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நேற்றுவரை கண் படக்கூடாது என்று சுற்றிப் போட்ட உடம்பு, இன்றைக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று விசாரிக்கப்பட்டது. இடையில் நான் எதையும் மாற்றிச் செய்யவில்லை.

கோபித்துக்கொண்டால்? "தமாசுக்குச் சொன்னா மூஞ்ச தூக்கி வச்சுக்கறா பாரு." அழுதால் தொட்டாச்சிணுங்கி. பேசாமல் எழுந்து போனால் "குதிக்காத, தரை பேந்துரும்". எந்தப் பக்கம் போனாலும் ஒரு சிரிப்பு தயாராக இருக்கும். ஒரு மே மாதம் கோடை விழாவுக்கு அம்பாசிடர் எடுத்துக்கொண்டு குடும்பமாக ஏற்காடு போனோம். ஒன்பது பேரை அடைத்த வண்டி பாதி மலையில் சூடாகி நின்றது. "தொண்ணூறை இறக்கிவிட்டா வண்டி தானா ஏறும்" என்றார் மாமா. டிரைவர்கூடச் சிரித்தார். மேலே போய் ஏரியில் எல்லாரும் படகில் ஏறினார்கள், எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டேன். கரையில் அப்பாயியோடு உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன். ரொம்ப நன்றாக இருந்தது பஜ்ஜி.

என்னை மட்டும் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள், கறுப்பு, ஒல்லி. ஒரு கல்யாண வீட்டில் அத்தை எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்தி, நாலு பேருக்கு நடுவில் சொன்னது: "இவ நெறத்தையும் அவ உடம்பையும் சேத்தா ஒரு பொண்ணு தேறும்." அத்தை கெட்டவர் இல்லை. அக்கா பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் கூடவே தரையில் படுத்திருந்தவர் அவர்தான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு எங்கள் இருவருக்குள் ஒரு கணக்கு வந்துவிட்டது. அவளிடம் இருப்பது என்னிடம் இல்லை, என்னிடம் இருப்பது அவளிடம் இல்லை. ஒரே ரூமில் படுத்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி முறைத்திருக்கிறோம். அக்கா இன்றைக்கும் மஞ்சள் நிறத்தில் புடவை எடுக்க மாட்டாள். 1975-இல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரை மாற்ற அந்தக் கம்பெனிக்கு 45 வருஷம் பிடித்தது, எங்கள் அத்தைக்கு இன்னும் பிடிக்கவில்லை.

தம்பிக்கு வேறு கதை. ஓமக்குச்சி, காத்தடிச்சா பறந்துருவான், பனியன் மாட்டிய ஹேங்கர். ஆம்பளைப் பையனுக்கு என்ன என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவன் கல்யாணத்துக்குப் பிறகு அவன் மனைவி சொல்லித்தான் தெரியும், சட்டைக்குள் இரண்டு பனியன் போடுகிறான். சேலத்து ஏப்ரல் மாதத்தில். தோள் கொஞ்சம் அகலமாகத் தெரியுமாம்.

இதையெல்லாம் பேசினால் உடனே, "இந்தக் காலத்துப் புள்ளைங்க போனப் பாத்துக் கெட்டுப்போச்சு" என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995-இல்தான் டிவி வந்தது. அதுவரை நல்ல வாட்டசாட்டமான உடம்பைத்தான் அங்கே மதித்தார்கள். மூன்றே வருஷத்தில், மெலிய வேண்டும் என்று பள்ளிக்கூடத்துப் பெண்கள் பேச ஆரம்பித்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சரி. ஆனால் எங்கள் வீட்டுக்கு டிவி வருவதற்கு முன்னாலேயே மாமா வந்துவிட்டார்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் நடத்தி 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பள்ளி மாணவர்கள் கிட்டத்தட்ட 4,700 பேரிடம், எடையை வைத்து உங்களை யார் கேலி செய்கிறார்கள் என்று கேட்டார்கள். கேலிக்கு ஆளானவர்களுக்குத் தன் உடம்பைப் பிடிக்காமல் போவதும், மனச்சோர்வும் அதிகம். கூடப் படிப்பவர்கள், வீட்டில் இருப்பவர்கள் என்று இரண்டு பக்கமும் கேலி வாங்கியவர்கள் நிலை இன்னும் மோசம். நான் இரண்டு முறை படித்த இடம் வேறு: அந்தப் பிள்ளைகளின் உண்மையான எடை என்ன என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இதே முடிவுதான். அதாவது பிள்ளை எத்தனை கிலோ என்பதல்ல, அதை யார் எப்படிச் சொன்னார்கள் என்பதே வேலை செய்கிறது.

இன்னொரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். "உன் ஒடம்பு நல்லதுக்குத்தானே சொல்றோம்." இதற்கு எங்கள் வீட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. குடும்பத்தில் முதலில் சர்க்கரை வந்தது எனக்கு இல்லை, மாமாவுக்கு. 55 கிலோ தாண்டாத மனிதர், நாற்பதைத் தாண்டியதும் மாத்திரை, அப்புறம் ஊசி. நம் ஊர் உடம்பு அப்படி. வெளியே ஒல்லியாகத் தெரியும், உள்ளே வயிற்றுப் பக்கம் கொழுப்பு சேரும். அதனால்தான் உயரத்துக்கு எடை பார்க்கும் பிஎம்ஐ கணக்கில் மற்றவர்களுக்கு 25-இல் எச்சரிக்கை என்றால், ஆசிய மக்களுக்கு 23-இலிருந்தே கவனம் வேண்டும் என்று 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சொன்னது. மாமாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கு வீட்டில் யாரும் அவருக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். டீயில் சர்க்கரை போடாமல், அவர் கேட்பதற்கு முன்னாலேயே கொண்டுவந்து வைத்தார்கள். நல்லதுக்குச் சொல்வது என்றால் எப்படி என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும், அதை என்னிடம் எடுத்துவிடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கொலுசு விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை. கம்பி இழுப்பது, கண்ணி கோப்பது, பொடி வைத்து ஊதுவது, மெருகு போடுவது எல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். இன்றைக்குத் தம்பியும் நானும் சின்னதாக ஒரு கடை நடத்துகிறோம். தீபாவளிக்குத் தீபாவளி அப்பா அக்காவுக்கும் எனக்கும் புதுக் கொலுசு செய்வார். தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, கணுக்காலில் நூலைச் சுற்றி, ஒரு விரல் நுழைகிற அளவு தளர்வு விட்டு, நூலை அடிஸ்கேலில் நீட்டிப் பார்ப்பார். நம்பரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நேரம் அம்மா அடுப்படியிலிருந்து சொல்வார்: "சின்னவ காலுக்கு ரெடிமேட் ஏறாதுங்க, தனியா ஆர்டர் போட்டுத்தான் செய்யணும்." நான் காலை உள்ளே இழுத்துக்கொள்வேன். பாவாடை கட்டினாலும் சரி, பின்னாளில் சுடிதார் போட்டாலும் சரி, கணுக்கால் மறைகிற நீளத்தில்தான் தைப்பேன்.

அப்பா போன பிறகு பட்டறைச் சாமான்களை ஒழுங்கு பண்ணும்போது அந்த நீள நோட்டுகள் கிடைத்தன. யாருக்கு எத்தனை கிராம், எந்த டச் (வெள்ளியின் சுத்தம்), முத்து வைத்ததா, சலங்கை வைத்ததா என்று அவருடைய சாய்ந்த கையெழுத்து. நான் ஒன்பதாவது படித்த வருஷத்துத் தீபாவளிப் பக்கத்தில் இரண்டு வரி.

பெரியவ, 9½.
பாப்பா, 10.

பத்து இஞ்ச். எங்கள் கடையில் பெண்களுக்கான கொலுசில் சீக்கிரம் தீர்ந்துபோகிற அளவு அது. தட்டில் எப்போதும் அடுக்கி வைத்திருப்போம். தனி ஆர்டர் கிடையாது, ஒன்றும் கிடையாது. அப்பாவின் பட்டறையிலேயே அந்த அளவில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் அரை இஞ்ச்.

அக்காவுக்குப் போன் போட்டேன், ஓசூரில் இருக்கிறாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அர இஞ்சுக்காடி இத்தன வருசம்?" என்றாள். அப்புறம் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாள். அவளாகவே அதைக் குடும்ப குரூப்பில் போட்டாள். அத்தை அதற்குப் பதிலாக ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார். என்ன புரிந்துகொண்டார் என்று தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது அத்தை மேலோ, மாமா மேலோ, அம்மா மேலோ இல்லை. அப்பா மேல். ஒரு நாளும் என்னைக் கிண்டல் செய்யாத ஒரே ஆள் அவர்தான், அதற்காகவே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் என் அளவு சரியாகத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். கையில் நூலும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு, "பத்துதாம்மா, தட்டுலயே இருக்கு" என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். மச்சானைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், மனைவி வாயைத் திறக்க விட வேண்டாம், சனிக்கிழமை சந்தோஷமாகப் போகட்டும் என்று இருந்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆண்கள் நிறையப் பேருக்கு இது நல்ல குணம் என்றே பெயர்.

கடையில் இப்போதும் தினம் பார்க்கிறேன். அம்மாக்கள் பிள்ளையைக் கூட்டி வருவார்கள், உட்காருவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். "இவளுக்குத் தடிக்காலுங்க, பெரிய சைசு எடுங்க." "கருங்காலுங்க, வெள்ளி எடுப்பா தெரியுமான்னு பாருங்க." பிள்ளையின் கால் விரல்கள் உடனே மடங்கும், அதை எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். அம்மாவுக்குப் பதில் சொல்வதில்லை. "கால நீட்டு கண்ணு" என்று நூலைச் சுற்றி அளந்துவிட்டு, நம்பரைச் சத்தமாகவே சொல்வேன்: "ஒம்பதர. ஸ்டாக்லயே இருக்கு." ஸ்டாக்கில் இல்லாத அளவாக இருந்தால், "நாளன்னிக்கு ரெடி" என்பேன், அதே குரலில்.

தம்பி மகள் ஏழாவது படிக்கிறாள். என் அச்சு. அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, பேத்தி பள்ளிவிட்டு வந்ததும் முதல் வார்த்தை "வாடி குண்டு". ஒரு நாள் அம்மாவை உட்காரவைத்து, இனிமேல் அந்தப் பெயரும் வேண்டாம், இட்லிக் கணக்கும் வேண்டாம் என்று சொன்னேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா நிஜமாகவே குழம்பிப்போய், "அப்பறம் நான் அவகிட்ட என்னதாண்டி பேசறது?" என்று கேட்டார். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அம்மா என்னிடமும் வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசியதில்லை. பள்ளிக்கூட வேனில் என்ன நடந்தது என்று கேளுங்கள் என்றேன்.

கேட்டிருக்கிறார். இப்போது புதுப் புகார். "ஏண்டி, ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டைய நேத்துலருந்து சொல்றா, இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்காம். நாடகம் பாக்க விடமாட்டேங்கறா. நீ வந்து கொஞ்ச நேரம் கேளு, நான் போறேன்."